மேடை ஏறப்போவதில்லை என்றால் நடனம் எதற்குக் கற்க வேண்டும்?

கரையோரம்:

எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு நடன ஆசை வந்திருக்கிறது. ஏழு வயது மகன், நாற்பதை நெருங்கும் நான், 66 வயதில் என் அம்மா. மூவரில் யாருக்கும் மேடை ஏறும் எண்ணம் கிடையாது. உறவினர்களிடம் சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கற்று என்ன செய்யப் போகிறீர்கள்?"

நீச்சல் கற்கப் போகிறேன் என்றால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. நடனம் என்றால் மட்டும் அரங்கேற்றம், பரிசு, சான்றிதழ் என்று ஏதாவது ஒன்றில் கொண்டுபோய் முடித்தாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு வயதிலும் நடன வகுப்பு உண்மையில் என்ன தருகிறது? உடம்பு அசைந்தால் போதும் என்றால் தினமும் நடந்துவிட்டுப் போகலாமே? சொல்லிக்கொடுப்பவர்கள், கற்றவர்கள், மருத்துவம் தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள். பரதமா, பாலேயா, சல்சாவா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்விக்குறி:

மகனைச் சேருங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உங்கள் விஷயத்திலும் அம்மா விஷயத்திலும்தான் தயக்கம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. கலைப் பயிற்சி சின்ன வயதில் உடம்பில் ஊறியிருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கிடைப்பது அதன் மேல்பூச்சு மட்டும்தான். 66 வயதில் ஒருமுறை கால் இடறினால் இடுப்பெலும்பு போய்விடும். இவ்வளவு ஆபத்தை எதற்காக ஏற்க வேண்டும்?

காற்சலங்கை:

நான் பரதம் சொல்லிக்கொடுப்பவள். குழந்தைகள் வகுப்பும் பெரியவர்கள் வகுப்பும் எடுக்கிறேன். முதலில் ஏழு வயதைப் பற்றி.

இசை கேட்டால் ஐந்து மாதக் குழந்தைகூடக் கைகாலை ஆட்டும். பேச்சைக் கேட்கும்போது அவ்வளவு ஆட்டாது. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்தே பார்த்திருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தைகளின் அசைவு தாளத்தோடு கச்சிதமாகச் சேரவில்லை. ஆசை பிறவியிலேயே இருக்கிறது, தாளத்தோடு சேர்வதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. நடன வகுப்பின் முதல் வேலையே அதுதான்.

என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். தரையைக் காலால் தட்டிப் பழகும் அடிப்படைப் பயிற்சியான தட்டடவு, "தை யா தை ஹி". முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், ஒரு தட்டுக்கு ஓர் அடி. இரண்டாம் காலத்தில் அதே தட்டுக்குள் இரண்டு அடி, மூன்றாம் காலத்தில் நான்கு. நான் தாளம் போடும் தட்டுக்கழியின் வேகம் மாறவே மாறாது, கால் மட்டும்தான் மாறும். புதிதாக வந்த பிள்ளை இரண்டாம் காலம் என்றதும் தாளத்தையும் சேர்த்து விரட்டும். "தாளம் அப்படியே இருக்கட்டும், காலை மட்டும் இரட்டி" என்றால் முழிக்கும். கையால் தாளம் போடச் சொல்லி, வாயால் அந்தத் தாளச் சொற்களை, அதாவது சொல்லுக்கட்டைச் சொல்லச் சொல்லி, அப்புறம்தான் காலைச் சேர்ப்பேன். ஒரு நாள் கை தன் வேலையைப் பார்க்கும், கால் தன் வேலையைப் பார்க்கும். பிள்ளையே அதைக் கவனித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்க்கும். ஒன்றை மனதில் மாறாமல் பிடித்துக்கொண்டு அதன்மேல் இன்னொன்றைச் செய்யும் திறமை அங்கே வந்துவிட்டது. மேடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது அந்தப் பிள்ளையோடு இருக்கும்.

இன்னும் உண்டு. நான் எதிரே நின்று வலது கையைத் தூக்கினால், தன் வலது எது என்று பிள்ளை யோசித்துத் தூக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்மேல் இடிக்காமல் தன் இடத்தைக் கணக்குப் பண்ண வேண்டும். நான்கு பேர் முன்னால் திருத்தப்பட வேண்டும், திருத்தியதும் உடனே மறுபடி செய்ய வேண்டும். இந்தக் கடைசி ஒன்றுக்காகவே குழந்தைகளை வகுப்புக்கு அனுப்பலாம் என்பேன். தவறு செய்வது அவமானம் இல்லை, அடுத்த முறைக்கான தகவல் என்று உடம்பாலேயே கற்றுக்கொள்ளும் இடங்கள் குழந்தைகளுக்கு அதிகம் கிடைப்பதில்லை.

பெரியவர்கள் பற்றிப் பிறகு எழுதுகிறேன், வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

மிருதங்கம்:

கரையோரம் அக்கா, மகன் ஆடுவதைப் பார்த்து யாராவது "பையனுக்கு எதுக்கு இது" என்று ஆரம்பித்தால் தஞ்சை நால்வரைச் சொல்லுங்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இன்றைய பரதக் கச்சேரி அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற வரிசைக்கு 19-ஆம் நூற்றாண்டில் உருவம் கொடுத்தவர்கள் இந்த நான்கு அண்ணன் தம்பிகள். தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த நட்டுவனார்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

வெள்ளைத்தாள்:

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. காற்சலங்கை எழுதியது ஒரு மரபை முறையாகக் கற்கும் வழி. அதோடு இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். பள்ளிகளில் நடனம் என்றால் விழாவுக்கு ஒரு பாட்டு, நன்றாக ஆடும் பத்துப் பிள்ளைகள், மற்றவர்கள் பார்வையாளர்கள் என்று ஆகிவிடுகிறது. அது நிகழ்ச்சி தயாரிப்பு. கல்வி என்றால் வகுப்பில் உள்ள அத்தனை பேரும் ஆட வேண்டும்.

மார்கரெட் எச்டௌப்ளர் என்றொரு அமெரிக்க ஆசிரியை இருந்தார். உயிரியல் படித்தவர், உடற்கல்வி ஆசிரியை, நடனக் கலைஞரே அல்ல. அவர் மாணவிகளை முதலில் தரையில் படுக்க வைப்பார். நிற்கும்போது உடம்பு தன் எடையைத் தாங்குவதிலேயே இருக்கும், படுத்தால் எந்த மூட்டு எப்படி அசைகிறது என்று கவனிக்க முடியும். வகுப்பறையில் எலும்புக்கூடு ஒன்றையும் வைத்திருந்தார். ஓர் அடியைச் செய்துகாட்டி "இதைப் போலச் செய்" என்று சொல்வதைத் தவிர்த்து, மாணவியே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926-இல் நடனத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு அவரால்தான் வந்தது.

அசைவுகளை ஆராய்ந்த ருடால்ஃப் லாபன் என்ற நடன அறிஞரின் முறையும் எனக்குப் பள்ளியில் கைகொடுக்கிறது. ஓர் அசைவை எடை, நேரம், வெளி, ஓட்டம் என்று நான்காகப் பிரித்துப் பார்ப்பார். "கையைத் தூக்கு" என்று சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தூக்குவார்கள். "கனமாகத் தூக்கு, இப்போது சட்டென்று தூக்கு, இப்போது நேராகப் போகாமல் சுற்றிப் போய்த் தூக்கு" என்றால் முப்பது பிள்ளைகள் முப்பது விதமாகத் தூக்குவார்கள். எழுத்தில் பின்தங்கிய பிள்ளை இங்கே எல்லோரையும்விடத் துல்லியமாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு மற்ற பிள்ளைகள் அந்தப் பிள்ளையை நடத்தும் விதமே மாறிவிடும்.

கேள்விக்குறி:

குழந்தைகள் விஷயத்தில் நான் முதலிலேயே ஒத்துக்கொண்டேன். பெரியவர்கள்?

பின்வரிசை:

என் பெயரே பதில் சொல்லும். முப்பதுகளின் பாதியில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். சிறுமிகளோடு சேர்த்துப் பெரியவர்கள் நான்கு பேரைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். பல மாதம் போனது, ஒருமுறைகூட எங்களை யாரும் திருத்தவில்லை. கை தாழ்ந்தாலும் "பரவாயில்லை, உங்களுக்கு இது போதும்". முழங்கால் உள்ளே சாய்ந்தாலும் "பரவாயில்லை". அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் "இவர்கள் எதையும் கற்கப்போவதில்லை" என்று அந்த வகுப்பு முதல் நாளே முடிவுகட்டியிருந்தது. முழங்கால் வலியோடு நின்றுவிட்டேன்.

பிறகு வேறோர் ஆசிரியர். முதல் நாளே, முழங்காலை வெளிப்பக்கமாக மடித்து நிற்கும் என் அரைமண்டியைப் பார்த்துவிட்டு, "பாதம் இவ்வளவு திரும்ப வேண்டாம், இடுப்பிலிருந்து எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு போதும், முழங்கால் விரலுக்கு நேரே வரட்டும்" என்றார். கோணம் குறைந்தது, வலி போனது. அன்றிலிருந்து எல்லாரையும் போல என்னையும் திருத்துகிறார். கேள்விக்குறி, நீங்கள் சொன்ன மேல்பூச்சு எங்களுக்கு வயதால் வருவது இல்லை. "பரவாயில்லை" என்று விட்டுவிடுகிற வகுப்பால் வருவது.

அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டால், வேலையிலும் வீட்டிலும் நான் பல காலமாகத் தெரிந்த காரியங்களையே செய்துகொண்டிருந்தேன். தெரியாத ஒன்றின் முன்னால் நின்று, தடுமாறி, ஒரு வாரம் கழித்து அது கைக்கு வருவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதே மறந்துபோயிருந்தது. எனக்கு அதுதான் முதல் லாபம். தோள் இறுக்கம் குறைந்ததெல்லாம் அடுத்துத்தான்.

மிருதங்கம்:

ஐம்பதில் வளையுமா என்று கேட்டீர்களே. ருக்மிணி தேவி 1904-இல் பிறந்தவர். பரதம் கற்க ஆரம்பித்தபோது முப்பதை நெருங்கிவிட்டார். 1935-இல் மேடை ஏறினார், 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதற்கு முன்பே அவர் பாலே கற்றிருந்தார், பயிற்சியே இல்லாத உடம்போடு வந்தவர் அல்ல. அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் முறையான பயிற்சியைத் தொடங்கியது 22 வயதில். ஜப்பானின் நடனக் கலைஞர் கசுவோ ஓனோ ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். முதல் தனி நிகழ்ச்சியைக் கொடுத்தபோது அவருக்கு 43. தொண்ணூறைத் தாண்டியும் ஆடினார்.

கேள்விக்குறி:

மேதைகளைச் சொன்னால் வாதம் நிற்காது. கரையோரம் அவர்களே மேடை வேண்டாம் என்கிறார். சாதாரண மனிதருக்கு என்ன?

மிருதங்கம்:

அதுவும் நியாயம். அப்படியானால் இதைப் பாருங்கள். ஜெர்மனியின் நடன அமைப்பாளர் பீனா பவுஷ் 1978-இல் தன் குழுவுக்காக ஒரு படைப்பை அமைத்தார். 2000-இல் அதே படைப்பை 65 வயதைத் தாண்டிய சாதாரண மக்களை வைத்து நடத்தினார். 2008-இல் பதின்வயதினரை வைத்து. யாரும் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை. அசைவுகளை வயதுக்கேற்ப அவர் எளிதாக்கித் தரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். ஒருவரை ஒருவர் தொட்டு, விலகி, அணுகுகிற அந்தப் படைப்பில் பதினைந்து வயதுக்காரரின் கூச்சமும் எழுபது வயதுக்காரரின் நிதானமும் வேறு வேறு அர்த்தம் தந்தன. உடம்பில் ஊறியது பயிற்சி மட்டும் இல்லை, வாழ்ந்த வருடங்களும் ஊறியிருக்கின்றன.

இயன்முறை:

இயன்முறை மருத்துவராக எழுதுகிறேன். அம்மாவின் 66 வயது பற்றி வந்த பயத்துக்கு நேரடியாக வருகிறேன்.

இடறி விழும் ஆபத்து உண்மைதான். ஆனால் அசையாமல் இருப்பதால் அது குறையாது, கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நடைப்பயிற்சி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் சேர்த்துப் பயிற்சி வேண்டும் என்கிறது. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் பெரும்பாலும் நேர்கோட்டில், ஒரே வேகத்தில், முன்னோக்கித்தான் நடக்கிறோம். மனிதர்கள் விழுவது அப்படி நடக்கும்போது மட்டும் இல்லை. திரும்பும்போது, பக்கவாட்டில் ஒதுங்கும்போது, பின்னால் அடி வைக்கும்போது, பேசிக்கொண்டே எதையோ எடுக்கும்போது விழுகிறார்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது, ஒற்றைக் காலில் ஒரு கணம் நிற்பது, திசை திரும்புவது, இதையெல்லாம் யோசித்துக்கொண்டே செய்வது என்று நடனத்தில் பயில்வதெல்லாம் சரியாக அந்தக் காரியங்களைத்தான்.

கற்றல் என்பதற்கு இங்கே தனி எடை உண்டு. ஜெர்மனியின் மக்டபர்க்கில் சராசரி 68 வயதுக்காரர்களை இரண்டு குழுவாக்கி 18 மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நடனம், இன்னொன்றுக்கு வழக்கமான உடற்பயிற்சி. நடனக் குழுவுக்கு அடிகளையும் வரிசையையும் மாற்றி மாற்றிப் புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2017-இல் வந்த முடிவில், நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதி இரு குழுவிலும் வளர்ந்திருந்தது. சமநிலை கூடியது நடனக் குழுவில் மட்டும்தான். சிறிய ஆய்வு, அதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனால் எந்த வகுப்பைத் தேட வேண்டும் என்று அது காட்டுகிறது. பழகிய நான்கு அடியையே வருடம் முழுக்க ஆடவைக்கும் வகுப்பு வேண்டாம். புதியதை மனதில் வாங்கச் சொல்லும் வகுப்பு வேண்டும்.

பார்க்கின்சன் நோயுள்ளவர்களுக்கும் நடனம் பயன்படுகிறது. நியூயார்க்கின் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001 முதல் அவர்களுக்கென்றே வகுப்பு நடத்துகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி தொடங்கி, பிடிமானத்தோடு எழுந்து, பிறகு தளம் முழுக்க ஆடுவார்கள். இந்த நோயில் நடக்கும்போது கால் சட்டென்று தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். வெளியிலிருந்து ஒரு தாளம் கேட்டால் அடுத்த அடியை எடுக்கப் பலருக்கு எளிதாகிறது. நடனம் நோயைக் குணப்படுத்தாது. நடையை எளிதாக்கும், வீட்டுக்குள் முடங்கிப்போனவரை நாலு பேரோடு ஓர் அறையில் சேர்க்கும்.

ஆழி:

நடனம் ஆடினால் மறதிநோய் வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறையும் என்று ஒரு தகவல் எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறதே, அது உண்மையா? இருந்தால் அதையே உறவினர்களிடம் காட்டலாம் அல்லவா?

இயன்முறை:

காட்ட வேண்டாம். அந்த எண் வந்த இடம் உண்மையானது, படிக்கப்பட்ட விதம்தான் தவறு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு அது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களிடம் மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது. உடல் சார்ந்தவற்றில் அப்படித் தெரிந்தது நடனம் மட்டும். ஆனால் அடிக்கடி ஆடியவர்கள் மிகச் சிலர். அதனால் அந்த மதிப்பீட்டின் பிழை வரம்பு ஏறக்குறைய "பயனே இல்லை" என்பது வரைக்கும் நீள்கிறது. தவிர, நினைவு மங்கத் தொடங்கியவர்கள் நடனத்தை விட்டிருக்கலாம், அதனாலும் இப்படித் தெரிந்திருக்கலாம். நல்ல அறிகுறி என்று சொல்லலாம், உத்தரவாதம் என்று சொல்லக் கூடாது. பொய்யான உறுதியைச் சொல்லி ஒருவரை வகுப்புக்கு அழைத்தால், மூன்று மாதத்தில் அவர் ஏமாந்து போவார்.

கேள்விக்குறி:

இந்தப் பதிலுக்கு நன்றி. எனக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. நீங்கள் சொல்வதெல்லாம் நல்ல ஆசிரியர் கிடைத்தால்தான். சின்ன வயதிலிருந்து ஆடி வந்தவருக்கு 66 வயது முழங்கால் எப்படி இருக்கும் என்று தெரியுமா? தன் குரு தனக்குச் சொன்னதையே அவர் அம்மாவுக்கும் சொல்வார்.

காற்சலங்கை:

சரியான கேள்வி, எங்கள் தரப்பில் நேர்மையாகப் பேச வேண்டிய விஷயம். நன்றாக ஆடத் தெரிவதும் சொல்லிக்கொடுக்கத் தெரிவதும் ஒன்று இல்லை. வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது மூன்றாவது திறமை.

என் பெரியவர்கள் வகுப்பில் அரைமண்டியின் ஆழத்தைக் குறைப்பேன், ஓங்கித் தட்டுவதைக் குறைப்பேன், குதிப்பதை எடுத்துவிடுவேன். ஆனால் தாளத்தைக் குறைக்க மாட்டேன், கை முத்திரையின் துல்லியத்தைக் குறைக்க மாட்டேன், பார்வை கையோடு போக வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பின்வரிசை எழுதிய "பரவாயில்லை" எங்கே சரி, எங்கே தவறு என்பது இதில்தான் இருக்கிறது. மூட்டுக்குப் பரவாயில்லை என்று சொல்லலாம், கவனத்துக்குச் சொல்லக் கூடாது. அப்புறம், முகத்தாலும் கையாலும் உணர்வைக் காட்டும் அபிநயத்தில் பெரியவர்கள் சின்னவர்களைவிடப் பல படி மேலே இருப்பார்கள். காத்திருக்கும் தாயை ஒரு பத்து வயதுச் சிறுமி ஆடினால், நான் சொல்லித் தந்த முகபாவம் தெரியும். பிள்ளை தாமதமாக வீடு திரும்பும்வரை விழித்திருந்த ஒரு பெண் ஆடினால் நான் எதையும் சொல்லித் தர வேண்டியிருக்காது. அந்தக் கண் வாசலுக்குப் போய்விட்டுத் திரும்புவதே போதும்.

ஆழி:

என் மகளுக்குப் பதின்மூன்று. இரண்டு வருடமாக நன்றாக ஆடிக்கொண்டிருந்தவள் இப்போது "எனக்கு எதுவும் வரவில்லை" என்று அழுகிறாள். முன்பு எளிதாகச் செய்ததே தடுமாறுகிறது. சோம்பலா, விட்டுவிடலாமா என்று குழப்பமாக இருக்கிறது.

இயன்முறை:

விட்டுவிடாதீர்கள். சோம்பல் என்றும் சொல்லாதீர்கள். அந்த வயதில் எலும்பு வேகமாக நீளும், தசை அதன் பின்னால் ஓடிவர நேரமெடுக்கும். உடம்பு இறுகும், சமநிலை தற்காலிகமாகக் குறையும். பெண் குழந்தைகளுக்குப் பன்னிரண்டை ஒட்டியும் ஆண் குழந்தைகளுக்குப் பதினான்கை ஒட்டியும் இது உச்சத்தில் இருக்கும். குதிகால் வலிக்கிறது என்றால் குதிப்பதையும் ஓங்கித் தட்டுவதையும் கொஞ்ச காலம் குறைக்கச் சொல்லுங்கள். நுணுக்கம், தாளம், புதிய உருப்படி என்று வேறு பக்கம் வளரலாம்.

இன்னொன்று முக்கியம். நடனம் பயிலும் பதின்வயதினர் "உடம்பு இளைக்க வேண்டும்" என்று சாப்பாட்டைக் குறைப்பது உலகெங்கும் உள்ள பிரச்சினை. மாதவிடாய் நின்றுபோனால் அதைப் பயிற்சியின் இயல்பான விளைவு என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். உடம்புக்குச் சத்து போதவில்லை என்பதன் எச்சரிக்கை அது, எலும்பைப் பாதிக்கும். மருத்துவரைப் பாருங்கள்.

வெள்ளைத்தாள்:

ஆழி, இதோடு ஒரு சின்ன யோசனை. வகுப்பில் சுவர் முழுக்கக் கண்ணாடி இருந்தால், சில பாடங்களைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி ஆட விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அந்த வயதில் கண்ணாடியைப் பார்த்தால் அசைவு தெரியாது, குறைகள்தான் தெரியும். திரும்பி நின்றால் உடம்பு எங்கே இருக்கிறது என்பதை உள்ளிருந்து உணர்ந்தே ஆக வேண்டும்.

வேப்பமரம்:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். எனக்குக் காது மிகவும் குறைவாகவே கேட்கும். நடனம் எனக்கானது இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மரத்தளம் உள்ள அறையில் ஓர் ஆசிரியர் வெறுங்காலோடு நிற்கச் சொல்லி, தளத்தில் தட்டிக் காட்டினார். தாளம் பாதம் வழியாக ஏறி வந்தது. பிறகு மற்றவர்களின் மூச்சையும் தோளையும் பார்த்து அடுத்த அடியைப் பிடிக்கப் பழகினேன். லண்டனில் 1991-இல் தொடங்கிய கேண்டோகோ என்ற குழுவில் மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சமமாகச் சேர்ந்து ஆடினார்கள். எல்லா வயதினருக்கும் என்று பேசும்போது எல்லா உடம்புக்கும் என்பதையும் சேர்த்தே பேசுவோம்.

காற்சலங்கை:

வேப்பமரம், நீங்கள் எழுதியதை என் வகுப்பில் படித்துக் காட்டப் போகிறேன். மற்றவரின் மூச்சைப் பார்த்து அடி வைப்பதைக் காது நன்றாகக் கேட்பவர்களுக்குச் சொல்லித்தரப் பல மாதம் ஆகிறது.

கேள்விக்குறி:

பெரியவர்கள் கற்பது வீண் என்று இனி சொல்ல மாட்டேன். ஆசிரியரைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். கரையோரம், அம்மாவைச் சேர்க்கும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடாத இடம் என்றால் வேண்டாம்.

கரையோரம்:

எல்லோருக்கும் நன்றி. இழையை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். மக்டபர்க் விஷயத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். இந்த வாரம் ஒரு வகுப்பைப் பார்க்கப் போகிறோம். உட்கார்ந்து பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அப்புறம், வீட்டில் டைல்ஸ் தரைதான், அதில் பயிற்சி செய்யலாமா?

இயன்முறை:

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பார்கள், ஆனால் கூடம் உண்மையிலேயே முக்கியம். கெட்டியான தரையில் ஓங்கித் தட்டினால் அதிர்ச்சி முழுவதும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் முதுகுக்கும்தான் போகும். கீழே கொஞ்சம் நெகிழ்வு கொடுக்கும் மரத்தளம் நல்லது. டைல்ஸில் கை அசைவு, முத்திரை, தாளம், எடை மாற்றும் பயிற்சி செய்யுங்கள், தட்ட வேண்டாம். காலுறை போட்டுக்கொண்டு டைல்ஸில் ஆடவே கூடாது, அம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மூட்டு வலி, ரத்த அழுத்தம், தலைசுற்றல் ஏதாவது இருந்தால் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிடித்துக்கொள்ள நாற்காலியோ சுவரோ கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று வகுப்பிலும் பாருங்கள்.

காற்சலங்கை:

ஆசிரியர் ஆடுவதைப் பார்க்காதீர்கள், அவர் யாரைப் பார்க்கிறார் என்று பாருங்கள். கடைசி வரிசைக்குப் போகிறாரா? ஒருவரைத் திருத்தியபின், அவர் அதைச் செய்யும்வரை நிற்கிறாரா, அடுத்தவரிடம் போய்விடுகிறாரா? "வலிக்கிறது" என்று யாராவது சொன்னால் நிறுத்தச் சொல்கிறாரா, பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாரா? உடம்பைச் சூடேற்றாமல் நேரே அடவுக்குப் போனால் அம்மாவை அங்கே சேர்க்காதீர்கள். போன வாரம் கற்றதோடு இந்த வாரம் என்ன புதிதாகச் சேர்ந்தது என்று வெளியே வரும் ஒரு மாணவரிடம் கேளுங்கள். பதில் வந்தால் அங்கே கற்பிக்கிறார்கள். மூவருக்கும் ஒரே வகுப்பு வேண்டாம். மகன் ஓடியாட வேண்டிய நேரத்தில் அம்மா எடை மாற்றக் கற்றுக்கொண்டிருப்பார், இருவருக்குமே குறைந்துவிடும். மகனுக்குச் சலங்கை எதுவும் இப்போது வாங்காதீர்கள். முதல் வருடம் வெறுங்கால் போதும், எப்போது கட்ட வேண்டும் என்று அவனுடைய ஆசிரியர் சொல்வார்.